மனநோயும் வன்குற்றமும்: ஸீனா ஃபஸெலின் ஆய்வுகள்

நீதிமன்றம், சிறை, மனநல மருத்துவமனை ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில் இயங்கும் துறை சட்டம்சார் மனநல மருத்துவம். குற்றம் செய்தவருக்கு மனநோய் இருந்ததா, இருந்தால் அவரை எங்கே வைத்துப் பார்ப்பது, வெளியே விட்டால் மீண்டும் குற்றம் செய்வாரா என்பவை அதன் அன்றாடக் கேள்விகள். இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக வன்முறையில் இறங்குகிறார்களா? செய்தித்தாள்களும் திரைப்படங்களும் ஆம் என்றே சொல்லிவந்தன. நோயாளிகளின் உரிமைக்காகப் பேசியவர்கள், இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று மறுத்துவந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இத்துறையின் பேராசிரியரான ஸீனா ஃபஸெல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வெளியிட்டுவரும் ஆய்வுகள் இந்த இரண்டு பதில்களுக்கும் இடம் தரவில்லை. தொடர்பு உண்டு, ஆனால் அது பெரும்பாலும் போதைப் பழக்கத்தின் வழியாக வருகிறது, சிகிச்சையால் குறையக்கூடியது. அவருடைய கட்டுரைகளை வரிசையாகப் படித்தால் கிடைக்கும் சித்திரம் இதுதான்.

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். 1843-இல் பிரிட்டிஷ் பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரை டேனியல் மெக்நாட்டன் சுட்டுக் கொன்றார்; மனநிலை பிறழ்ந்தவர் என்று அவர் விடுவிக்கப்பட்டபோது எழுந்த கூச்சலிலிருந்து பிறந்தவை மெக்நாட்டன் விதிகள். அவற்றின் சாயல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவில் படிந்தது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. 1939-இல் லயனல் பென்ரோஸ் 18 ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்டு, மனநல மருத்துவமனைகளில் ஆட்கள் குறைவாக உள்ள நாடுகளில் சிறைவாசிகள் அதிகமாக இருப்பதைக் காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேற்கு நாடுகள் பெரிய மனநலக் காப்பகங்களை மூடத் தொடங்கியதும், வெளியே வந்தவர்கள் சிறைக்குள் போகிறார்களோ என்ற அச்சத்துக்கு பென்ரோஸின் அந்தக் கணக்கு துணையாக நின்றது. அமெரிக்க வீடுகளில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு ஒன்றை 1990-இல் ஜெஃப்ரி ஸ்வான்சனும் அவரது குழுவினரும் ஆராய்ந்தபோது, மனநோயோடு போதைப் பழக்கமும் சேர்ந்தவர்களிடம் வன்முறை மிகுந்திருந்தது தெரிந்தது. 1998-இல் வெளியான மெக்ஆர்தர் ஆய்வு அமெரிக்காவின் மூன்று நகரங்களில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களைப் பின்தொடர்ந்தது. போதைப் பழக்கம் இல்லாத நோயாளிகள், அதே பகுதியில் வாழும் போதைப் பழக்கம் இல்லாத மற்றவர்களைவிட வன்முறையாளர்களாக இல்லை என்றது அது. இவை முக்கியமான ஆய்வுகள். ஆயினும் முழு நாட்டளவில் பேசும் அளவுக்கு ஆட்களின் எண்ணிக்கை பெரிதாக இல்லை. பெரும்பாலும் அவரவர் வாய்மொழியையே நம்பியிருந்தன.

ஃபஸெலின் பெயரைப் பரவலாக அறியச் செய்தது 2002-இல் ஜான் டனேஷுடன் சேர்ந்து லான்செட் இதழில் வெளியிட்ட கட்டுரை. 12 மேற்கத்திய நாடுகளில் அதுவரை சிறைகளில் நடந்திருந்த 62 கணக்கெடுப்புகளை ஒன்றுதிரட்டி, 22,790 சிறைவாசிகளின் தகவல்களைத் தொகுத்தார்கள். நேரில் பேசிப் பார்த்து நோயைக் கண்டறிந்த ஆய்வுகளை எடுத்துக்கொண்டு, வெறும் கேள்வித்தாளில் நின்றவற்றைத் தள்ளினார்கள். மாயக்குரல் கேட்பது, இல்லாத சதியை நம்புவது போன்ற அறிகுறிகளைக் கொண்ட சைக்கோசிஸ் வகை நோய்கள் ஆண்களில் 3.7 சதவீதம் பேருக்கும் பெண்களில் 4 சதவீதம் பேருக்கும் இருந்தன. கடும் மனச்சோர்வு ஆண்களில் 10 சதவீதம், பெண்களில் 12 சதவீதம். ஆளுமைக் கோளாறு ஆண்களில் 65 சதவீதமாகவும் பெண்களில் 42 சதவீதமாகவும் இருந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2012-இல், கேத்தரினா ஸீவால்டுடன் அதே கணக்கை 24 நாடுகளின் 33,588 சிறைவாசிகளுக்கு விரித்தபோதும் எண்கள் பெரிதாக அசையவில்லை: சைக்கோசிஸ் ஆண்களில் 3.6, பெண்களில் 3.9 சதவீதம், மனச்சோர்வு 10.2, 14.1 சதவீதம்.

இந்தச் சதவீதங்களை ஒரு சிறைக்குள் வைத்துப் பார்த்தால்தான் அவற்றின் கனம் புரியும். ஆயிரம் ஆண்கள் அடைபட்டிருக்கும் ஒரு சிறையில் ஏறத்தாழ 36 பேர் சைக்கோசிஸுடன் இருக்கிறார்கள். நூறு பேர் கடும் மனச்சோர்வில் இருக்கிறார்கள். நகர மருத்துவமனை ஒன்றின் மனநல வார்டை முழுதாக நிரப்பும் அளவு நோயாளிகள், மனநல மருத்துவர் வாரத்தில் சில மணி நேரமே வந்துபோகும் கட்டடத்தில், கதவு பூட்டிய அறைகளில் கிடக்கிறார்கள். சத்தம் போடுபவர் கண்ணில் படுவார். ஒழுங்கை மீறினார் என்று தண்டனையும் பெறுவார். சுவரைப் பார்த்தபடி சாப்பாட்டைத் திருப்பி அனுப்பும் மனச்சோர்வு நோயாளி யாருக்கும் தொந்தரவு தராதவர். ஆகவே அவர் கவனிக்கப்படாமலே போய்விடக்கூடும். சிறைக்குள் நுழையும் அன்றே ஒவ்வொருவரையும் மனநலம் சார்ந்து பரிசோதிக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு இந்தத் தொகுப்பாய்வுகள் வலுவான ஆதாரமாயின. இங்கிலாந்தில் சிறை மருத்துவம் சிறைத் துறையின் கையிலிருந்து தேசிய சுகாதார சேவைக்கு முழுமையாக மாறியது 2006-இல். வெளியே ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் தரத்திலான மருத்துவம் சிறைக்குள்ளும் கிடைக்க வேண்டும் என்பதே அந்த மாற்றத்தின் அடிப்படை. அது மிகச் சரியான முடிவு.

2012-ஆம் ஆண்டு ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, சிறைகளில் சைக்கோசிஸ் உள்ளவர்களின் விகிதம் பல பத்தாண்டுகளில் ஏறியதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை என்பது. காப்பகங்களை மூடியதால் நோயாளிகள் அப்படியே சிறைக்கு இடம் மாறிவிட்டார்கள் என்ற வாதத்தை இது கேள்விக்கு உள்ளாக்குகிறது. ஆனால் விகிதம் மாறாமல் சிறைவாசிகளின் மொத்த எண்ணிக்கை பெருகினால் நோயாளிகளின் எண்ணிக்கையும் பெருகும். சிறைவாசிகளைக் குவித்துக்கொண்டே போன நாடுகளில் நடந்திருப்பது இதுதான்.

சிறைத் தற்கொலைகள் பற்றிய ஆய்வுகளும் இதே வரிசையில் வருகின்றன. 1978 முதல் 2003 வரை இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் ஆண்கள் தற்கொலை செய்துகொண்ட விகிதம், வெளியே அதே வயதில் உள்ள ஆண்களின் விகிதத்தைப்போல் ஐந்து மடங்கு என்று 2005-இல் ஃபஸெலும் அவருடன் பணியாற்றியவர்களும் கணக்கிட்டார்கள். 15 முதல் 17 வயதுச் சிறுவர்களிடம் அது 18 மடங்கு. பின்னர் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்தபோது, அறையில் தனியாக அடைக்கப்பட்டிருப்பது தற்கொலையோடு வலுவாகத் தொடர்புடைய காரணங்களில் ஒன்றாக வெளிப்பட்டது. நோயையோ கடந்த காலத்தையோ சிறை நிர்வாகம் மாற்ற முடியாது. யாரை எந்த அறையில் யாரோடு வைப்பது என்பது அதன் கையில் இருக்கிறது. அதனால் இந்த ஒரு முடிவுக்குத் தனி மதிப்பு உண்டு.

சிறைக் கணக்கெடுப்புகளால் சொல்ல முடியாத ஒன்று உண்டு. சிறையில் மனநோயாளிகள் அதிகம் என்பதால் மனநோயாளிகள் அதிகம் குற்றம் செய்கிறார்கள் என்று ஆகிவிடாது. எளிதில் பிடிபடுபவர்கள், வழக்கறிஞர் வைக்க வசதியற்றவர்கள், பிணை கிடைக்காதவர்கள் என்று வேறு காரணங்கள் பல இருக்கலாம். மறுமுனையிலிருந்து, அதாவது நோயாளிகளிடமிருந்து தொடங்கி, அவர்களில் எத்தனை பேர் பிறகு குற்றம் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இதற்காக ஃபஸெல் ஸ்வீடனை நாடினார். உலகில் இந்தக் கேள்வியை முழு நாட்டளவில் கேட்கக்கூடிய இடங்கள் மிகச் சில.

ஸ்வீடனில் 1947 முதல் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி அடையாள எண் உண்டு. மருத்துவமனைச் சேர்க்கை, குற்றத் தீர்ப்பு, கல்வி, வருமானம், பெற்றோர் யார், உடன்பிறந்தோர் யார் என எல்லாப் பதிவேடுகளும் அந்த எண்ணால் கோக்கப்பட்டவை. பெயர்களை நீக்கிவிட்டு இவற்றை ஆய்வாளர்கள் இணைத்துப் பார்க்கலாம். அதைவிட முக்கியமான ஒரு சட்டக் கூறும் அங்கே இருக்கிறது. 1965-இல் நடைமுறைக்கு வந்த ஸ்வீடன் குற்றவியல் சட்டத்தில், மனநிலை பிறழ்ந்தவர் என்று குற்றத்திலிருந்தே விடுவிக்கும் வழி இல்லை. நோயாளியும் குற்றவாளி என்றே தீர்ப்புப் பெறுவார். தண்டனைக்குப் பதில் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்படுவார். மெக்நாட்டன் விதிகளைப் பின்பற்றும் நாடுகளில் கடும் நோயாளிகள் பலர் தீர்ப்புப் பதிவேட்டிலிருந்தே நழுவிவிடுவார்கள். ஸ்வீடனில் அப்படி நழுவ முடியாது. அதனால்தான் அந்த நாட்டின் எண்களை இவ்வளவு நம்பிக்கையோடு எடுத்தாள முடிகிறது.

2006-இல் மார்ட்டின் கிரானுடன் வெளியிட்ட ஆய்வு, 1988 முதல் 2000 வரை தீவிர மனநோயால் மருத்துவமனையில் இருந்து வெளியேறிய 98,082 பேரை எடுத்துக்கொண்டு, நாட்டின் மொத்த வன்குற்றங்களில் எவ்வளவு இவர்களைச் சாரும் என்று கேட்டது. விடை 5.2 சதவீதம். அதாவது தீவிர மனநோயை முழுவதுமாக ஒழித்துவிட்டாலும் இருபது வன்குற்றங்களில் பத்தொன்பது அப்படியே நடக்கும். ஒரு கொலைச் செய்தியைப் படித்ததும் 'ஏதோ மனநோயாளி' என்று முடிவுகட்டும் வழக்கத்துக்கு இதைவிட நேரான பதில் வேண்டியதில்லை.

2009-இல் ஜாமா இதழில் வந்த ஆய்வுதான் இந்த வரிசையில் மையமானது. மனச்சிதைவு நோய் உள்ள 8,003 பேர் ஒருபுறம். வயதும் பாலினமும் ஒத்த பொதுமக்கள் 80,025 பேர் மறுபுறம். நோயாளிகளில் 13.2 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வன்குற்றத்துக்குத் தீர்ப்புப் பெற்றிருந்தார்கள், பொதுமக்களில் 5.3 சதவீதம். வருமானம், மணநிலை போன்றவற்றைச் சரிக்கட்டியபின் வித்தியாசம் இரு மடங்கு. இத்தோடு நிறுத்தியிருந்தால் பழைய அச்சம் மெய்யானதாகத் தோன்றியிருக்கும். ஆய்வாளர்கள் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். மது அல்லது போதைப் பழக்கமும் சேர்ந்தவர்களிடம் விகிதம் 27.6 சதவீதம், அந்தப் பழக்கம் இல்லாதவர்களிடம் 8.5 சதவீதம். ஒப்பீட்டில் முன்னவர்களுக்கு 4.4 மடங்கு, பின்னவர்களுக்கு 1.2 மடங்கு மட்டுமே.

பிறகு அவர்கள் செய்ததுதான் இன்னும் நுட்பமானது. போதைப் பழக்கமும் உள்ள நோயாளிகளை, நோயில்லாத அவர்களின் சொந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளோடு ஒப்பிட்டார்கள். ஒரே பெற்றோர், ஒரே வீடு, ஒரே தெரு, மரபணுவிலும் பாதி பொதுவானது. இந்த ஒப்பீட்டில் 4.4 என்பது 1.8 ஆகச் சுருங்கியது. நோயின் கணக்கில் எழுதப்பட்டிருந்த ஆபத்தில் பெரும் பங்கு நோயோடு சேர்ந்து வரும் குடும்பப் பின்னணியைச் சார்ந்தது என்பது தெரிந்தது. மூளைக் காயம், வலிப்பு நோய் ஆகியவற்றுக்கும் இதே முறையைக் கையாண்டபோது, வலிப்பு நோய்க்கும் வன்குற்றத்துக்கும் இருப்பதாகத் தோன்றிய தொடர்பு உடன்பிறந்தோரோடு ஒப்பிட்டதும் மறைந்துபோனது. வலிப்பு நோயாளிகள் மீது நெடுங்காலமாகச் சுமத்தப்பட்டிருந்த ஒரு பழி அதோடு நீங்கியது.

அதே 2009-இல் பல நாடுகளின் 20 ஆய்வுகளிலிருந்து 18,423 நோயாளிகளைத் தொகுத்த கட்டுரை, போதைப் பழக்கமும் மனச்சிதைவும் சேர்ந்தவர்களின் வன்முறை ஆபத்து, மனநோயே இல்லாத போதை அடிமைகளின் ஆபத்தை ஒத்தே இருக்கிறது என்றது. கொலையை மட்டும் எடுத்தால் எண் மிரட்டுகிறது: சைக்கோசிஸ் உள்ளவர்களிடம் 19.5 மடங்கு. இந்த எண்ணை மட்டும் உருவித் தலைப்பாக்குவது எளிது. அதே கட்டுரை உண்மை அளவையும் சொல்கிறது: சைக்கோசிஸ் உள்ளவர்களில் கொலை செய்தவர்கள் 0.3 சதவீதம், பொதுமக்களில் 0.02 சதவீதம். ஆயிரம் நோயாளிகளில் 997 பேர் யாரையும் கொல்லவில்லை. மடங்கும் வேண்டும், அளவும் வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைச் சொல்வது பொய்க்குச் சமம்.

ஆபத்து இருபுறமும் பாய்கிறது என்பதையும் இந்தக் குழு காட்டியது. அமீர் சரியஸ்லானுடன் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், மனநோய் கண்டறியப்பட்ட இரண்டரை லட்சம் பேரை அவர்களின் உடன்பிறந்தோரோடு ஒப்பிட்டார்கள். நோயாளிகள் வன்முறை செய்யும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகவும், வன்முறைக்கு இரையாகும் வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேலாகவும் இருந்தது. அடிக்கும் நோயாளி செய்தியாகிறார். அடிபடும் நோயாளி காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாலும் நம்பப்படாமல் போகலாம். வீடற்றவர்களைப் பற்றிய 2008-ஆம் ஆண்டுத் தொகுப்பில் சைக்கோசிஸ் 12.7 சதவீதமாக இருந்ததையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தெருவில் படுத்திருப்பவர் எந்த வன்முறையிலிருந்தும் ஒதுங்க இடமில்லாதவர்.

ஆபத்து இருக்கிறது என்று காட்டுவதோடு நின்றிருந்தால் இந்த ஆய்வுகளின் பயன் பாதிதான். 2014-இல் லான்செட்டில் வந்த ஆய்வு அது குறையுமா என்று கேட்டது. மருந்து சாப்பிடுபவரையும் சாப்பிடாதவரையும் ஒப்பிட்டால் இருவரும் வேறு வேறு மனிதர்கள் என்ற சிக்கல் வரும். ஒழுங்காக மருந்து சாப்பிடுபவர் இயல்பிலேயே நிதானமானவராக இருக்கலாம். அதனால் ஒவ்வொருவரையும் அவரோடேயே ஒப்பிட்டார்கள். 2005 ஜூலை முதல் ஸ்வீடனில் மருந்துக் கடையில் வாங்கும் ஒவ்வொரு சீட்டு மருந்தும் பதிவாகிறது. ஒருவர் மருந்து வாங்கிய மாதங்களில் எத்தனை வன்குற்றம், அதே மனிதர் வாங்காத மாதங்களில் எத்தனை? 2006 முதல் 2009 வரை 82,647 பேரை இப்படிப் பார்த்தபோது, சைக்கோசிஸுக்கான மருந்துகளை எடுத்த காலத்தில் வன்குற்றம் 45 சதவீதமும், மனநிலையைச் சீராக்கும் மருந்துகளை எடுத்த காலத்தில் 24 சதவீதமும் குறைந்திருந்தது. சிறையிலிருந்து விடுதலையான 22,275 பேரிடம் செய்த 2016-ஆம் ஆண்டு ஆய்வில், போதையிலிருந்து மீட்கும் மருந்துகள் வன்குற்றத்தில் 52 சதவீதக் குறைவோடு சேர்ந்திருந்தன. விடுதலையாகும் நாளில் கையில் இரண்டு வார மாத்திரையும் அடுத்த மருத்துவரின் முகவரியும் இல்லாமல் ஆளை வாசலில் விடுவது எவ்வளவு பெரிய தவறு என்பதை இந்த எண் சொல்கிறது.

சாதகமான முடிவுகளை மட்டும் அவர்கள் வெளியிடவில்லை. மனச்சோர்வுக்கான எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகளை எடுத்த காலத்தில் 15 முதல் 24 வயதுள்ளவர்களிடம் வன்குற்றத் தீர்ப்புகள் கூடியிருந்ததையும் 2015-இல் பதிவு செய்தார்கள். சிறைக்குள் நடத்தப்படும் உளவியல் சிகிச்சைத் திட்டங்களைப் பற்றிய 2021-ஆம் ஆண்டுத் தொகுப்பு, சிறிய ஆய்வுகளை நீக்கிவிட்டுப் பார்த்தால் மறுகுற்றம் குறைந்ததற்கு உறுதியான சான்று மிஞ்சவில்லை என்றது. பல நாட்டுச் சிறைத் துறைகள் பணம் கொட்டிவரும் திட்டங்களைப் பற்றி இப்படிச் சொல்ல நேர்மை வேண்டும்.

மனநல மருத்துவரை நீதிமன்றம் கேட்கும் மிகக் கடினமான கேள்வி: 'இவரை வெளியே விடலாமா?' இதற்காக உருவான கணிப்புக் கருவிகளை 2012-இல் பிஎம்ஜே இதழில் ஃபஸெல் குழு சோதித்தது. 13 நாடுகளின் ஏறத்தாழ 24,800 பேர். வன்முறையில் ஈடுபடுவார் என்று கருவிகள் முத்திரை குத்தியவர்களில் 41 சதவீதம் பேர்தான் பிறகு ஈடுபட்டார்கள். ஆபத்தில்லை என்று கணித்தவர்களில் 91 சதவீதம் பேரைப் பற்றிய கணிப்பு சரியாக இருந்தது. பாதுகாப்பானவரை அடையாளம் காண இந்தக் கருவிகள் உதவும். ஒருவரைக் காலவரையின்றி அடைத்துவைக்க அவற்றை மட்டும் ஆதாரமாகக் கொள்ள முடியாது. ஆபத்தானவர் என்று அடைக்கப்பட்ட நூறு பேரில் 59 பேர் செய்யாத, செய்யப்போகாத குற்றத்துக்காகச் சுதந்திரம் இழந்திருப்பார்கள்.

இதன்பின் அவர்களே புதிய கருவிகளை உருவாக்கினார்கள். விடுதலையாகும் சிறைவாசிகளுக்கான ஆக்ஸ்ரெக், 47,326 பேரின் ஸ்வீடன் தகவல்களிலிருந்து 2016-இல் வந்தது. தீவிர மனநோயாளிகளுக்கான ஆக்ஸ்மிவ் 2017-இல் 75,158 பேரின் தகவல்களிலிருந்து வந்தது. பதினாறு எளிய கேள்விகள். சில நிமிட வேலை. கணக்கிடும் முறை மறைக்கப்படாமல் வெளியிடப்பட்டிருக்கிறது. கட்டணமும் நாள்கணக்கான பயிற்சியும் கேட்கும் பழைய கருவிகளோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் ஆக்ஸ்ரெக்கின் கணக்கில் வருமானமும், வாழும் பகுதியின் வறுமையும் இடம்பெறுகின்றன. ஏழைக் குடியிருப்பில் வாழ்பவர் அந்த ஒரு காரணத்தாலேயே சில புள்ளிகள் அதிக ஆபத்தானவராகிறார். கூடுதல் உதவி யாருக்குத் தேவை என்று முடிவுசெய்யப் பயன்பட்டால் அது நியாயம். தண்டனையை நீட்டிக்கப் பயன்பட்டால் அநீதி. தீர்ப்பு வரை போன குற்றங்களை மட்டுமே எண்ணுகின்றன என்பதும், நலத்திட்டங்கள் வலுவாக உள்ள ஒரு நாட்டின் எண்கள் வேறு மண்ணுக்கு அப்படியே பொருந்தாது என்பதும் இந்த ஸ்வீடன் ஆய்வுகளின் எல்லைகள்.

அந்த வேறு மண்ணைப் பற்றியது கெர்கோ பரன்யியுடன் 2019-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு. வருமானம் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள 13 நாடுகளின் 14,527 சிறைவாசிகளில் சைக்கோசிஸ் 6.2 சதவீதமாகவும் கடும் மனச்சோர்வு 16 சதவீதமாகவும் இருந்தன. மேற்கு நாடுகளின் விகிதத்தைவிட இவை கணிசமாக அதிகம். மனநல மருத்துவர்களின் எண்ணிக்கையோ மேற்கு நாடுகளில் இருப்பதில் ஒரு சிறு பங்குதான். இந்தியாவுக்கு இது நேரடியாகப் பொருந்தும் கேள்வி. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 103-ஆம் பிரிவில், ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல சிகிச்சை நிலையம் அமைய வேண்டும் என்கிறது. அதே பிரிவு, சிறையில் மனநோயுள்ள கைதிகள் எவரும் இல்லை என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை சான்றளிக்கும்படி சிறை மருத்துவ அலுவலரைப் பணிக்கிறது. நோயாளியைச் சிறையில் விட்டுவைக்கக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் எழுதப்பட்ட வரி அது. நூற்றில் ஆறு பேர் என்ற விகிதத்தை அருகில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு கைதியையும் நுழையும் நாளிலேயே பயிற்சி பெற்றவர் ஒருவர் உட்காரவைத்துப் பேசிப் பார்த்து, நோய் தெரிந்தவரை மருத்துவமனைக்கு மாற்றியிருந்தாலொழிய அப்படி ஒரு சான்றிதழில் எந்த மருத்துவரும் மனமறிந்து கையெழுத்திட முடியாது.